இருட்டியதும் மாறிய நிறம்: ராக்கு பானைகளில் குளோரைடு தெளித்த ஒரு நாள்

பத்துப் பானைகள். அவற்றில் எட்டுக்கு ஒரே பாட்டில், ஒரே தெளிப்பான். நாலு மணிக்குச் சூளையிலிருந்து எடுத்தவை முத்துச்சிப்பியின் உட்புறம்போல மின்னின. ஆறரை மணிக்கு எடுத்தவை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து வந்தன. நடுவில் எங்களில் ஒருவருக்கு இருமல் பிடித்து வேலையே நின்றுபோனது. அன்று ராத்திரியே எங்களுக்குள் ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டை. உண்மையான காரணம் தெரிய ஏழு நாளும் உடைந்த ஓடுகள் கொஞ்சமும் தேவைப்பட்டன. அதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

ராக்கு பற்றி இரண்டு வரி. (கிரகணம் பிடிக்கும் ராகுவோடு சேர்த்துவிட வேண்டாம்.) பானையைச் சூளையிலிருந்து சூடாகவே வெளியே எடுக்கும் மட்பாண்ட மரபு அது, 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் கியோத்தோவில் சோஜிரோ என்ற குயவர் செய்த தேநீர்க் கிண்ணங்களில் தொடங்கியது. செந்தணலாக இருக்கும் பானையை மரத்தூளில் புதைக்கும் வழக்கம் 1960இல் அமெரிக்கக் குயவர் பால் சோல்ட்னர் செய்து பார்த்ததிலிருந்து பரவியது. குளோரைடு தெளித்து வானவில் நிறம் வரவழைப்பது இந்த இரண்டிலும் சேராது. அது கண்ணாடிக்காரர்களின் வித்தை. 1894இல் அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டிஃபனி 'ஃபாவ்ரில்' என்று பெயர் பதிவு செய்த கண்ணாடியும், பின்னால் மலிவாக வந்த கார்னிவல் கண்ணாடியும் சூடான பரப்பில் உலோக உப்பு பட்டு மினுங்கியவைதான். குயவர்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

அன்று நடந்தது

நாங்கள் மூன்று பேர். மூன்று பக்கம் திறந்த கொட்டகை. செராமிக் ஃபைபர் உள்ளே வைத்த டிரம் சூளை, எரிவாயு பர்னர். பானைகள் எல்லாம் கையளவுதான். வெப்ப அதிர்ச்சி தாங்கச் சுட்ட மண் பொடி கலந்த களிமண்ணில் செய்து, ஒருமுறை 1000 டிகிரி வரை சுட்டு வைத்திருந்தோம். முதல் ஆறுக்கும் வெள்ளை வெடிப்புக் கிளேஸ் (கிளேஸ் என்பது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல ஆகும் மேற்பூச்சு, வெடிப்புக் கிளேஸில் மெல்லிய கோடுகளாக விரிசல் விழும்), அடுத்த இரண்டுக்கும் பளபளக்கும் கருப்புக் கிளேஸ். கடைசி இரண்டிலும் மறுபடி வெள்ளை, ஆனால் அவற்றுக்குத் தெளிக்க வேறு ரசாயனம்.

முதல் எட்டுக்கும் ஸ்டானஸ் குளோரைடு, அதாவது வெள்ளீயத்தின் குளோரைடு. 10 கிராம் படிகத்தை 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, கைத்தெளிப்பான் பாட்டிலில் ஊற்றி வைத்தோம். கரைத்தது மூன்று வாரத்துக்கு முன்பே. கடைசி இரண்டுக்கும் ஃபெர்ரிக் குளோரைடு. மின்சுற்றுப் பலகைகளில் செம்பை அரித்தெடுக்க விற்கிறார்களே, அந்தப் பழுப்புத் திரவத்தையே தண்ணீர் விட்டு நீர்த்துக்கொண்டோம்.

கிளேஸ் உருகி 980 டிகிரி காட்டியதும் ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, மென்செங்கல் (சூடு தாங்கும் இலேசான செங்கல்) மேல் வைத்துத் தெளிப்பது, பிறகு மரத்தூள் டிரம்முக்குள் இறக்கி மூடுவது. திட்டம் அவ்வளவுதான்.

முதல் பானையை எடுத்த எடுப்பிலேயே, ஆரஞ்சாக ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே அடித்தோம். புஸ்ஸென்று வெண்புகை கிளம்பியது. ஆறியபின் பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைக் கிளேஸ். சரி, சூடு அதிகம், சிவப்பு மறையும்வரை பொறுத்து அடிப்போம் என்று முடிவெடுத்தோம். இந்த ஒரு முடிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

இரண்டாவதும் மூன்றாவதும் அருமை. பொன்னும் இளஞ்சிவப்பும் கலந்த மினுக்கம், அதற்கு அடியில் மரத்தூள் புகை ஏறிய கரிய வெடிப்புக் கோடுகள். உற்சாகத்தில் நாலாவதுக்குப் பன்னிரண்டு முறை அழுத்தினோம். நிறம் கண்ணெதிரே பொன்னாகி, ஊதாவாகி, பச்சையாகி, கடைசியில் சாம்பல் படிந்த பால்போல மங்கிவிட்டது. ஐந்தாவதில் தெளிப்பானின் மூக்கிலிருந்து ஒரு பெரிய சொட்டு விழுந்தது. 'டிங்' என்று ஒரு சத்தம், விளிம்பிலிருந்து பாதம்வரை விரிசல்.

ஆறாவதை எடுக்கும்போது வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. சிவப்பு மறையக் காத்திருந்து அடித்தோம். வெள்ளையாகப் பொடி படிந்தது. விரலால் துடைத்தால் கையோடு வந்தது. ஏழாவது கருப்புக் கிளேஸ் பானை, அதிலும் அதே பொடி. கருப்பில் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது.

எட்டாவதில் ஒரு தவறு நடந்தது. தெளிப்பானைப் பிடித்திருந்த நண்பருக்குக் கை கடுத்துப் போயிருந்தது.

"பொறு, இன்னும் சிவப்பாத்தான் இருக்கு."

"எவ்வளவு நேரம் பிடிச்சிக்கிட்டே நிக்கிறது? அடிச்சிடறேன்."

பானை நன்றாகவே செந்நிறத்தில் தெரிந்தபோது ஆறு அழுத்து அழுத்திவிட்டார். அந்தப் பானைதான் அன்றைய தினத்திலேயே சிறந்தது. அச்சு அசல் மயில்கழுத்து. கழுத்துப் பக்கம் நீலம், வயிற்றில் ஊதா, பாதத்துக்கு அருகே பொன். எங்களில் யாரும் அதற்கு முன்னால் அப்படி ஒன்றை எடுத்ததில்லை.

அதைக் கொண்டாடுவதற்குள் மூன்றாமவர் இருமத் தொடங்கினார். அதைப் பின்னால் சொல்கிறேன். பத்து நிமிடம் நிறுத்தி, அவரை வெளியே காற்றில் உட்காரவைத்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டையும் அவசர அவசரமாக முடித்தோம். செய்திருக்கக் கூடாதுதான்.

முதலில் பழி விழுந்தது பாட்டில் மேல்

மூன்று வாரத்துக் கரைசல் பால்போலக் கலங்கியிருந்தது. அதனால்தான் பொடி படிகிறது என்று நான் அடித்துச் சொன்னேன். காரணமில்லாமல் இல்லை. ஸ்டானஸ் குளோரைடு தண்ணீரோடு வினைபுரிந்து கரையாத வெள்ளைப் பொருளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். காற்றுப் பட்டால் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். வேதியியல் கூடங்களில் அதைக் கரைக்கும்போது கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கலங்காமல் வைப்பது இதற்காகத்தான். ஐந்தாவது பானையை உடைத்த சொட்டுக்கும் பாட்டில்தான் பொறுப்பு. பிரிந்த பொடி மூக்கை அடைத்ததால்தான் பனிபோல வர வேண்டியது சொட்டாக வந்தது.

ஆனால் எட்டாவது பானையை என்ன செய்வது? அதே பாட்டில், அதே கலங்கல். ஏழாவதற்கும் எட்டாவதற்கும் நடுவில் கால் மணி நேரம்கூட இல்லை, கிளேஸும் ஒன்றே. பாட்டில் குற்றவாளி என்றால் எட்டாவது அல்லவா இன்னும் மோசமாக வந்திருக்க வேண்டும்? அங்கேயே என் வாதம் படுத்துவிட்டது. கை கடுத்த நண்பர் அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார்.

சிவப்பு எப்போது மறைகிறது

சூடான பொருள் எதுவானாலும், மண்ணோ இரும்போ, ஏறத்தாழ 525 டிகிரியில்தான் கண்ணுக்குத் தெரியும் அளவு மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். 1847இல் ஜான் டிரேப்பர் என்ற விஞ்ஞானி இதைக் காட்டினார், அவர் பெயராலேயே இது அறியப்படுகிறது. ஆனால் அது இருட்டில் பார்க்கும் கண்ணுக்கு. பகல் வெளிச்சத்தில் அந்த மங்கிய சிவப்பு எடுபடாது. 600 டிகிரிக்கும் மேலே இருக்கும் பானைகூட வெயிலில் சாதாரணப் பானைபோலத்தான் தெரியும்.

இப்போது எங்கள் விதியைப் பாருங்கள்: 'சிவப்பு மறைந்ததும் அடி.' நாலு மணிக்கு அந்த விதி எங்களை 650 டிகிரி வாக்கில் அடிக்க வைத்தது. ஆறரை மணிக்கு அதே விதி 500க்கு இறங்கும்வரை காக்க வைத்தது. இடுக்கியைக் கீழே வைத்துத் தெளிப்பானை எடுக்கும் சில வினாடிகளில் கையளவுப் பானை இன்னும் ஆறிவிடும். மேலே விழும் தண்ணீர்ப் பனியும் பரப்பின் சூட்டை உறிஞ்சும். ஆக, உண்மையில் குளோரைடு பட்டபோது 450 இருந்திருந்தாலே அதிகம். எட்டாவதில் நண்பர் பொறுமை இழந்ததால் மட்டுமே பானை சரியான சூட்டில் மாட்டியது. அடுப்பைப் பார்க்கப் பழகிய கண்ணை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. அந்தக் கண் அன்று பொய் சொல்லவில்லை. சுற்றி இருந்த வெளிச்சம் மாறியதை நாங்கள்தான் கணக்கில் எடுக்கவில்லை.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நிறம் தருவது குளோரைடே அல்ல. அது பரப்பில் பட்டதும் நீராவியோடும் காற்றோடும் சேர்ந்து வெள்ளீய ஆக்சைடாக மாறி, கிளேஸ் மேல் கண்ணாடிபோல ஒட்டிய ஒரு மெல்லிய ஏடாகப் படிய வேண்டும். சூடு போதாவிட்டால் அந்த மாற்றம் பரப்பில் ஒட்டியபடி நடக்காமல் பாதியில் நிற்கிறது. மிஞ்சுவது பொடி. சூடு மிகுந்தாலும் வம்பு. ஸ்டானஸ் குளோரைடின் கொதிநிலை 623 டிகிரி. ஆரஞ்சாக ஒளிரும் பானையில் பெரும்பகுதி படியும் முன்பே ஆவியாகிப் பறக்கும். கொஞ்சம் படிந்தாலும் அப்போது கிளேஸ் இன்னும் இளகித்தான் இருக்கும், ஏடு அதற்குள்ளேயே கரைந்துவிடும். முதல் பானை வெறுமையாக வந்ததை இப்படித்தான் புரிந்துகொள்கிறோம்.

கண்ணாடி பாட்டில் ஆலைகளில் இதே வேலையைத் தினமும் செய்கிறார்கள். அச்சிலிருந்து வெளிவரும் பாட்டில்மேல், சூடு ஆறுமுன், வெள்ளீயக் குளோரைடு ஆவியைச் செலுத்தி வலுவூட்டுகிறார்கள். அங்கே ஏடு பத்து நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) அளவே இருப்பதால் நிறம் எதுவும் தெரிவதில்லை. நமக்கு வேண்டியது அதைப்போலப் பத்துப் பதினைந்து மடங்கு தடிப்பு.

தடிப்புதான் நிறம். ஏட்டின் மேல்பக்கம் திரும்பும் ஒளியும் அடிப்பக்கம் தொட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கும்போது சில நிறங்கள் வலுக்கும், சில அழியும். சோப்புக் குமிழியிலும் தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலத்திலும் நடப்பது இதுவே. வெள்ளீய ஆக்சைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2. அதை வைத்துக் கணக்குப் போட்டால், 60, 70 நானோமீட்டரில் வெள்ளி நிறம், 80ஐத் தாண்டும்போது பொன், 140 வாக்கில் ஊதா, 165 வாக்கில் நீலம், 190ஐ நெருங்கும்போது பச்சை. தலைமுடி ஒன்றின் தடிப்பில் ஐந்நூறில் ஒரு பங்குதான் அந்த ஊதா. ஊதாவுக்கும் நீலத்துக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் வெறும் 25 நானோமீட்டர். தெளிப்பானை ஒரு அழுத்து கூட அழுத்தினால் நிறம் தாண்டிப் போய்விடுவது இதனால்தான். நாலாவது பானை பொன், ஊதா, பச்சை என்று வரிசை மாறாமல் ஓடியதற்கும் இதுவே விளக்கம். எல்லாம் முடிந்தபின் தடிப்பு மேடும் பள்ளமுமாகி, பல நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளுத்துவிட்டன.

'நீலம் வேண்டுமானால் எந்தக் குளோரைடு போடணும்?' என்று கேட்பவர்களிடம் நான் இப்போது சொல்வது: வெள்ளீயம் ஒன்றே போதும், எத்தனை அழுத்து என்று கேளுங்கள். இரும்பு மட்டும் இதில் சேராது. அதன் ஆக்சைடுக்குச் சொந்தமாகவே துரு நிறம் உண்டு, அதனால் எப்படி அடித்தாலும் ஆரஞ்சு, பழுப்புப் பக்கமே சாயும். பேரியம் குளோரைடைச் சிலர் சொல்வதுண்டு. அது கொடிய விஷம், கொட்டகைக்குள்ளேயே வரக்கூடாது.

கருப்புக் கிளேஸில் ஏன் அவ்வளவு ஆழமாகத் தெரிந்தது? ஏட்டைக் கடந்து உள்ளே போன ஒளியைக் கருப்பு விழுங்கிவிடுகிறது. மேலே திரும்பும் நிறம் மட்டும் கண்ணுக்கு வருகிறது. வெள்ளையில் உள்ளே போன ஒளியும் திரும்பி வந்து நிறத்தை நீர்த்துவிடும், முத்துப் பளபளப்போடு நின்றுவிடும். மங்கல் கிளேஸ் என்றால் இரண்டுமே கிடையாது. பரப்பு வழவழவென்று இல்லாத இடத்தில் இந்த விளையாட்டு எடுபடாது.

ஓடு வைத்துப் பார்த்தது

ஊகத்தோடு விட மனமில்லை. அடுத்த வாரம் கருப்புக் கிளேஸ் பூசிய சின்ன ஓடுகளை எடுத்துக்கொண்டோம். கையில் இருந்த அகச்சிவப்பு வெப்பமானி 550க்கு மேல் காட்டாது, எங்களுக்குத் தேவையான இடத்திலேயே கண்ணை மூடிக்கொள்ளும். எனவே பழைய மென்செங்கல்லை அடுக்கிச் சின்னப் பெட்டி கட்டி, ஓட்டை ஒட்டி ஒரு கே வகைத் தெர்மோகப்பிளை (அதிகச் சூட்டையும் அளக்கும் உலோகக் கம்பி உணரி) செருகி, டார்ச்சால் சூடாக்கினோம். மின்சூளைக்குள் இதைச் செய்யக் கூடாது. குளோரைடு ஆவி சூடேற்றும் கம்பிகளை அரித்துத் தின்றுவிடும்.

புதிதாகக் கரைத்த கரைசல், இரண்டு சொட்டு அமிலம் சேர்த்துத் தெளிவாக்கியது. ஒன்றரை அடி தூரம், ஒவ்வொரு அழுத்துக்கும் நடுவில் இரண்டு வினாடி இடைவெளி. பரப்பு இழந்த சூட்டைத் திரும்பப் பெற அந்த இடைவெளி வேண்டும்.

400 டிகிரியில் பொடி. புதுக் கரைசலிலும் பொடிதான், அதனால் பாட்டில் முழுதாக விடுதலை. 500இல் திட்டுத் திட்டாக, பாதி மினுக்கம் பாதி மூட்டம். 600இல் சுத்தமான ஏடு. மூன்று அழுத்தில் வெள்ளி கலந்த வைக்கோல் நிறம், ஆறில் ஊதாவும் நீலமும், ஒன்பதில் பச்சையும் இளஞ்சிவப்பும். 700இலும் சுத்தமாகவே வந்தது, ஆனால் அதே நிறத்துக்கு அழுத்துகள் கூடின. போவது போகத்தானே படியும். இந்த எண்ணிக்கை எங்கள் தெளிப்பானுக்கும் எங்கள் தூரத்துக்கும் மட்டுமே பொருந்தும், வேறொருவர் தம் ஓட்டில் தாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்புறம், 600 ஓட்டில் ஒன்றை விரல் நகத்தால் சுரண்டினோம், எஃகுக் கம்பியாலும் தேய்த்தோம். அசையவில்லை. ராக்குவில் செம்பு தரும் மினுக்கம் மாதங்களில் மங்கிப் பச்சையாவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அங்கே ஆக்சிஜன் இழந்த செம்பு மெல்ல மெல்லத் திரும்ப ஆக்சிஜனைப் பிடிக்கிறது. வெள்ளீய ஏடு பிறக்கும்போதே ஆக்சைடு, அதற்குப் பிடிக்க இனி ஒன்றும் இல்லை.

இருமல்

மூன்றாமவர் தூசி முகமூடி போட்டிருந்தார். நல்ல தரமானது, மூக்கோடு ஒட்டியே இருந்தது. இருந்தும் எட்டாவது பானையின் புகை காற்றோடு திரும்பி அவர் முகத்தில் அடித்ததும் கண் எரிந்து, தொண்டை கவ்வி, பேச முடியாத இருமல் வந்தது. கால் மணி நேரம் கண்ணைத் தண்ணீரில் கழுவினார். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, ராத்திரியில் மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் வரச் சொல்லி அனுப்பினார். திணறல் வரவில்லை. இரண்டு நாள் குரல் கம்மியிருந்தது.

நாங்கள் பயந்துகொண்டிருந்தது வெள்ளீயத்துக்கு. கடித்தது குளோரின். வெள்ளீயம் ஆக்சைடாகும்போது விட்டுப் போகும் குளோரின் முழுவதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகிறது. ஈரமான தொண்டையில் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். தூசி முகமூடி துகளைத்தான் பிடிக்கும், வாயு அதன் வழியே தாராளமாகப் போகும்.

அளவைப் போட்டுப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. 10 கிராம் படிகம் முழுவதும் வினைபுரிந்தால் சுமார் 3.2 கிராம், அதாவது ஏறத்தாழ 2.2 லிட்டர் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா பணியிடத்தில் ஒரு நொடியும் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கும் உச்ச அளவு பத்து லட்சத்தில் 5 பங்கு. அந்த 2.2 லிட்டரை அந்த அளவுக்கு நீர்க்க 12 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள கூடத்தின் காற்று முழுவதும் வேண்டும். நாங்கள் அன்று பாட்டிலில் பாதியைத்தான் தீர்த்திருந்தோம். திறந்த கொட்டகை என்று தைரியம் சொல்லிக்கொண்டோம். காற்று வீசும் திசையில் ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு வாயு அப்படிச் சமமாகக் கலந்து வராது, கொத்தாக வரும்.

மறுநாள் காலை இன்னொரு சாட்சி கிடைத்தது. பக்கத்தில் மாட்டியிருந்த இடுக்கி, கத்தரிக்கோல், பெட்டியின் கீல் எல்லாவற்றிலும் ஒரே ராத்திரியில் மஞ்சள் துரு பூத்திருந்தது. அதே காற்றைத்தான் நாங்களும் சுவாசித்திருக்கிறோம்.

இப்போது தெளிப்பவர் அமில வாயுக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரப்பர் முகமூடி அணிகிறார். அமெரிக்க நிறக் குறியீட்டில் அமில வாயுவுக்கு மட்டுமானது வெள்ளைப் பட்டை. கரிம ஆவிக்கும் சேர்த்து என்றால் மஞ்சள். ஐரோப்பியக் குறியீட்டில் ஈ வகை மஞ்சள். அதோடு துகள் வடிகட்டியும் சேர வேண்டும். கண்ணை முழுதாக மூடும் கண்ணாடியும் உண்டு. தாடி வைத்தவர் தெளிக்கும் முறைக்கு வருவதில்லை, முகமூடி ஒட்டாது. தெளிக்காதவர்கள் காற்று வரும் பக்கமாகப் போய்விடுகிறார்கள்.

பத்தாவது பானை

ஃபெர்ரிக் குளோரைடு தெளித்த ஒன்பதாவது பானை நல்ல துரு ஆரஞ்சாக வந்தது. அதில் குறை இல்லை. பத்தாவதும் பார்க்க அப்படித்தான் இருந்தது, அலமாரியில் வைத்தோம். இரண்டு வாரம் கழித்து, மழை ஈரம் கனத்த ஒரு காலையில், அது வியர்த்திருந்தது. பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன முத்துகள், தொட்டால் பிசுபிசுப்பு. பலகையில் வட்டமாகக் கறை.

ஃபெர்ரிக் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரையும் பொருள். பத்தாவதை அவசரத்தில், நன்றாக ஆறியபின் அடித்திருக்கிறோம். மேலே பட்ட கொஞ்சம் மட்டும் ஆக்சைடாக, மிச்சம் குளோரைடாகவே கிளேஸின் வெடிப்புகளுக்குள் தங்கிவிட்டது. தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, மறுபடி மெல்லச் சூடேற்றிய பிறகு வியர்வை நின்றது. ஆரஞ்சில் பாதியும் அதோடு போனது.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அடுத்த மாதம் குளோரைடே இல்லாமல் சாதாரண ராக்கு போட்டோம். ஒரு வெள்ளைக் கிண்ணத்தின் பாதத்தைச் சுற்றி மட்டும் இளம் ஆரஞ்சு நிறம் ஏறியிருந்தது, யாரும் தெளிக்காமலே. அன்று பானை வைத்துத் தெளித்த அதே மென்செங்கல்லைத்தான் சூளைக்குள் தாங்கலாக வைத்திருந்தோம். அதன் துளைகளில் ஊறியிருந்த இரும்புக் குளோரைடு சூட்டில் ஆவியாகி மேலே ஏறியிருக்கிறது. இப்போது அந்த நாலு செங்கல்லிலும் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டுத் தனியே அடுக்கி வைத்திருக்கிறோம். கை கடுத்த நண்பருக்கு மட்டும் அந்த ஆரஞ்சுப் பாதம் பிடித்துவிட்டது. முகமூடியும் தெர்மோகப்பிளும் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே அப்படிச் செய்து பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.